இல்லாத ஊருக்கு ரயில் விட்டவர்!

குட்டீஸ்... சிரித்த முகத்துடன் ஓடும், 'தாமஸ்' என்ற நீல நிற ரயில் இன்ஜினை, 'டிவி'யில் பார்த்திருப்பீர்கள். அதைப் படைத்தவர், வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார்.

இங்கிலாந்தில், ஆம்ப்பீல்டு கிராமத்தில், 1911ம் ஆண்டு, ஜூன் 15ல் பிறந்தார். தந்தையும் பாதிரியார் தான். அவருக்கு ரயில் என்றால் உயிர். வீட்டுத் தோட்டத்திலேயே தண்டவாளம் போட்டு, மாதிரி ரயில் ஓட்டினார்.

பின், பாக்ஸ் என்ற ஊருக்கு அந்தக் குடும்பம் குடிபெயர்ந்தது. வீட்டருகே, மேட்டில் ஏறிச் செல்லும் ரயில் பாதை. இரவில், பாரம் தாங்காமல் சரக்கு ரயில் திணறும். பின்னாலிருந்து மற்றொரு இன்ஜின் தள்ளி விடும். படுக்கையில் கிடக்கும் சிறுவன் ஆட்ரிக்கு, முன் இன்ஜின் புலம்புவதாகவும், பின் இன்ஜின் தைரியம் சொல்வதாகவும் தோன்றும்.

ஆக்ஸ்போர்டில் படித்தார். ஜெருசலேமில், மூன்று ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். பின் பாதிரியார் ஆனார். போர் கூடாது என்பதில் உறுதியாக இருந்ததால், வேலை பார்த்த தேவாலயத்தை விட்டு விலக நேர்ந்தது. ஆனாலும் கொள்கையை விடவில்லை.

இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம். மகன் கிறிஸ்டோபர், தட்டம்மையால் படுத்திருந்தான். அவனுக்கு, பேசும் இன்ஜின்களின் கதையைச் சொன்னார் ஆட்ரி. மறுநாள் ஒரு வார்த்தை மாறினாலும், மகன் விட மாட்டான்; தப்பு என்று திருத்துவான். அதனால், பழைய தாள்களின் பின்பக்கத்தில் கதைகளை எழுதி வைத்தார். மனைவி மார்கரெட் தூண்டியதால், 1945ல் முதல் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு தாமஸ் வந்தான்.

படித்த குழந்தைகள், கடிதங்களால் துளைத்தனர். ஹென்றி இன்ஜின், படத்தில் கோர்டன் இன்ஜின் போலவே இருக்கிறதே என்று கேட்டனர். ஆட்ரி மழுப்பவில்லை. விபத்துக்குப் பின், ஹென்றி புது உருவம் பெறுவதாக, 1951ல் வந்த புத்தகத்தில் எழுதினார்.

இந்த ரயில் எந்த ஊரில் ஓடுகிறது என்றும் கேட்டனர். 1950ல், மேன் தீவுக்குச் சென்றிருந்தார் ஆட்ரி. அங்குள்ள திருச்சபை வட்டாரத்தின் பெயர், 'சோடார் மற்றும் மேன்'. மேன் என்ற தீவு இருக்கிறது, சோடாரைக் காணோம். அந்தத் தீவை நாமே உருவாக்கலாம் என முடிவு செய்தார். தம்பி ஜார்ஜுடன் சேர்ந்து ஊர், மலை, வரலாறு அனைத்தையும் வகுத்தார், வரைபடமும் தயாரானது.

தாமஸ் ஓடும் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன், பார்க்கர். கல் குவாரி உள்ள அந்தக் கற்பனைக் கிராமத்தை, மேஜை மேல் மாதிரியாகக் கட்டினார் ஆட்ரி. தண்டவாளத்தின் அகலம், 16.5 மி.மீ., தான்!

கடைசி ஸ்டேஷனில், இன்ஜின் பெட்டிகளை விட்டுப் பிரிந்து, பக்கத்துத் தண்டவாளம் வழியாக மறுமுனைக்கு வந்து சேர்ந்தால் தான், ரயில் திரும்ப முடியும். இதெல்லாம் மாதிரி ரயிலை ஓட்டினால் கையிலேயே பிடிபடும். நிஜ ரயிலில் நடக்க முடியாததை, தன் கதையில் எழுதக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். அந்த மாதிரி ரயிலை, கண்காட்சிகளுக்கும் எடுத்துச் சென்றார்.

மொத்தம், 26 புத்தகங்கள் எழுதி, 1972ல் நிறுத்தினார். திருத்தம் சொன்ன மகன், 1983 முதல் தொடர்ந்து எழுதினார். ஆட்ரி, 1997, மார்ச் 21ல், 85ம் வயதில் மறைந்தார்.

குழந்தைகள் தானே என்று, அவர்களின் கேள்விகளை ஒதுக்காதவர் ஆட்ரி. நீங்களும் தயங்காமல் கேள்வி கேளுங்கள், குட்டீஸ்!