கணிப்பொறிக்கு மொழி தந்த மங்கை

அக்காள் படித்த பாடப்புத்தகத்திற்குப் புது அட்டை போட்டுத் தங்கைக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பாடத்திட்டம் மாறிவிட்டால் அப்புத்தகம் பரணுக்குப் போய்விடும். கணிப்பொறி உலகிலும் இத்தொல்லை உண்டு. கணிப்பொறி மொழி புதுப்பிக்கப்படும்போது, பழைய முறையில் எழுதிய நிரல்கள் சில ஓட மறுக்கின்றன. இக்குறையைக் களைய முதுமையிலும் உழைத்த கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வாழ்வை நாம் இங்கே காண்போம்.

இவர் 1906 டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், உள்ளே என்ன இருக்கிறது என்றறியும் ஆவலில், வீட்டிலிருந்த ஏழு அலாரக் கடிகாரங்களைக் கழற்றிப் போட்டாராம். தாயார் அவரை ஒரே கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளச் செய்தார். ஆவலுக்குத் தடை போடவில்லை. அச்சிறுமி வளர்ந்து, 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் ஆசிரியையாகவும் இருந்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். உடல் எடை போதவில்லை. ஆயினும் தனி அனுமதி பெற்று 1943இல் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டில் 'மார்க் 1' என்னும் மாபெரும் கணிப்பொறியில் பணி அமைந்தது.

அந்நாளில் கணிப்பொறிக்கு எண்களாலேயே கட்டளையிட வேண்டும். மனிதருக்கு எளிதான குறிகளை இயந்திரமே தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாகாதா என்று அம்மையார் எண்ணினார். பலர் நம்பவில்லை. 1952இல் அத்தகைய தொகுப்பி ஒன்றை உருவாக்கிக் காட்டினார். பின்னர் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் மொழி ஒன்றையும் அமைத்தார். அதனைப் பெரிதும் தழுவியே, 1959இல் கூடிய குழுவினர் 'கோபோல்' மொழியை வகுத்தனர். 1960 டிசம்பரில், ஒரே கோபோல் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணிப்பொறிகளில் ஓடியது.

ஆனால் நாளடைவில் ஒவ்வொரு நிறுவனமும் அம்மொழியைத் தன் போக்கில் மாற்றியது. ஓர் இயந்திரத்தில் ஓடியது மற்றொன்றில் ஓடவில்லை. இயந்திரம் மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்தி எழுத நேர்ந்தது. 1966இல் ஓய்வு பெற்றிருந்த அம்மையாரை, மொழிகளை ஒழுங்கு செய்ய ஆறு மாதங்களுக்கென்று கடற்படை 1967இல் திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டாக நீண்டது!

அவரும் அவருடைய குழுவினரும் சோதனை நிரல்களை எழுதினர். ஒரு தொகுப்பி தரவிதிப்படி நடக்கிறதா என்று அவை ஒவ்வொரு கூறாகச் சோதித்தன. நம் தேர்வுத்தாள் போன்றதே அது; வாய்ப்பேச்சால் அங்கே தேற முடியாது.

கோபோலின் தரவிதி 1968, 1974, 1985ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1985ஆம் ஆண்டு விதியில், வழக்கொழிந்த சில கூறுகள் உடனே நீக்கப்படவில்லை. அடுத்த திருத்தத்தில் நீக்கப்படும் என்று குறிக்கப்பட்டன. பழைய நிரல் வைத்திருந்தோர் அவற்றை மாற்றிக்கொள்ள இதனால் அவகாசம் கிடைத்தது.

அம்மையார் பழமையில் தேங்கியவர் அல்லர். வழக்கம் என்பதற்காகவே எதையும் பின்பற்றலாகாது என்பதை நினைவூட்ட, இடப்புறமாகச் சுற்றும் கடிகாரத்தைத் தம் அலுவலகத்தில் மாட்டியிருந்தார். 1986இல் 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் பதவியில் ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

மாணவியரே! புதுமை வேண்டும், ஆனால் பழையதை நம்பியிருப்போரை நடுவழியில் விட்டுவிடலாகாது. மாற்றத்தை முன்கூட்டி அறிவித்து, சோதித்து, பிறரையும் உடன் அழைத்துச் செல்வதே பண்பு. இதை நாமும் நம் வாழ்வில் கைக்கொள்வோமாக!