மருத்துவப் பேரறிஞர் ழான் டோஸே

பிறர் நலம் பேணி வாழ்ந்த பெரியோர் வரலாறுகளைக் கற்றல் நம் உள்ளத்தைத் தூய்மை செய்யும். அன்னோர் எந்நாட்டினராயினும் அவர் செய்த நன்மை எல்லார்க்கும் உரியதே. ஆதலின், இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பிரெஞ்சு தேசத்து மருத்துவர் ழான் டோஸே அவர்களின் வரலாற்றைச் சுருங்க உரைக்க விரும்புகின்றோம். இரத்தப் புற்றுநோயால் வாடுவோரை, முன்பின் அறியாத ஒருவர் தம் உடலணுக்களை ஈந்து காக்கும் வழி இன்று உண்டு. அவ்வழிக்குக் கால்கோள் செய்தாருள் தலையாயவர் இவர்.

டோஸே 1916 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் தூலூஸ் நகரிற் பிறந்தார். தந்தையாரும் மருத்துவரே. பதினோராம் அகவையிற் பாரிஸ் மாநகர் போந்து, பின்னர்த் தந்தையார் வழியே தாமும் மருத்துவம் பயிலலானார். பயிலுங்காலத்தே இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1939 இல் படைக்கு அழைக்கப்பட்டார். பாரிஸ் பகைவர் கைப்பட்ட பின்னர், வட ஆப்பிரிக்காவிற் போர்புரிந்த விடுதலைப் படையிற் சேரப் புறப்பட்டார். புறப்படுமுன் தம் அடையாளப் பத்திரங்களையெல்லாம் உடன் பணியாற்றிய யூதர் ஒருவர்க்கு அளித்துச் சென்றார். யூதரைத் தேடிப் பிடித்துக் கொலைக்களத்திற்கு அனுப்பிய கொடுங்காலம் அது. தம் பெயரைப் பிறர்க்கு ஈந்து உயிர்காக்க முனைந்த அச்செயலே இப்பெரியாரின் உள்ளத்தை நமக்கு விளக்கும். தூனிசியப் போர்க்களத்தில் குருதியிழந்து கிடந்த வீரர்க்குப் பிறர் குருதி ஏற்றும் பணியை மேற்கொண்டார். அப்பணியே அவர்தம் வாழ்நாட்பணியாயிற்று.

போர் முடிந்தபின் பாரிஸ் குருதியேற்றல் நிலையத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். ஓ பிரிவுக் குருதி எவர்க்கும் தீங்கின்றிப் பொருந்தும் என்பது அக்காலத்தார் கொள்கை. சிலவகைத் தடுப்பூசிகள் இட்டுக்கொண்டார் குருதியாயின் அதுவும் தீங்கு விளைத்தல் கூடும் என்று 1951 இல் காட்டினார். மறுவாண்டில் மற்றொரு புதுமை கண்டார். பன்முறை குருதி ஏற்கப்பெற்ற நோயாளி ஒருவரின் குருதிநீர், பிறர்தம் வெள்ளணுக்களைத் திரளச் செய்தது. அந்நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையோ தீண்டவில்லை. வெள்ளணுக்களின்மீது ஆளுக்கு ஆள் வேறுபட்ட குறிகள் உளவென்பதும், அயற்குறியை உடல் பகையெனக் கொள்கின்றதென்பதும் இதனாற் புலப்பட்டன. ஆறாண்டு உழைத்து 1958 இல் அக்குறிகளுள் முதலாவதை வெளியிட்டார். ஆராய்ச்சிக்குத் துணைநின்ற தொண்டர் மூவர்தம் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு மாக் என்று பெயரிட்டார். தம் பெயரை இட்டாரல்லர்.

இக்குறிகள் குருதியளவில் நில்லாது உடலெங்கும் அமைந்தன என்பதை நிறுவுதற்குத் தோல் ஒட்டும் சோதனை வேண்டியிருந்தது. எப்பயனும் நோக்காத தொண்டர் பலர் முன்வந்து, பிறர் தோலின் சிறுதுண்டைத் தம் மேனியில் ஏற்றனர். குறி ஒத்தவிடத்துத் தோல் நெடுநாள் நின்றது. ஒவ்வாதவிடத்து விரைந்து கழிந்தது. அக்குறிகள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்று 1965 இல் உலகிற்கு உரைத்தார். அதுவே இன்று எச்.எல்.ஏ. எனப்படுவது. இக்குறிகளிற் பாதியைத் தந்தையிடமும் பாதியைத் தாயிடமும் பெறுகின்றோம். ஆகவே உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் ஒத்திருத்தற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு உண்டு.

எலும்பு மஜ்ஜையில் ஊறும் குருத்தணுக்களே குருதியணுக்கள் அனைத்தையும் ஆக்குவன. அம்மஜ்ஜை கெட்டார்க்குப் பிறர் குருத்தணுவை ஏற்றுங்கால், குறி ஒவ்வாவிடின், ஏற்ற அணுக்களே நோயாளியின் உடலைத் தாக்கும். வீட்டிற் பொருத்தம் இல்லாதார் என் செய்வர்? இலண்டனில் ஆந்தனி நோலன் என்னும் சிறுவன் பொருட்டு அவன் அன்னை 1974 இல் கொடையாளர் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார்; பொருத்தம் கிட்டாமலே 1979 இல் அச்சிறுவன் மாய்ந்தான். எனினும் அப்பட்டியல் பிறர் உயிர் காத்து வருகின்றது. டோஸே அவர்களும் 1986 இல் பிரான்சில் அத்தகைய பட்டியலை நிறுவினார்.

1980 இல் நோபெல் பரிசை வேறிருவரோடு பெற்றார். 1984 இல் நிலையமொன்று கண்டு, பெருங்குடும்பங்களின் டி.என்.ஏ.வைத் தொகுத்து உலகத்து ஆய்வாளர்க்குப் பகிர்ந்தளித்தார். 2009 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் அகவையில், ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவில் உயிர் நீத்தார்.

அன்பர்காள்! இவ்வரலாறு நமக்குப் புகட்டுவது யாது? உலகப் பட்டியல்களில் 4 கோடிக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்துளர். ஆயினும் பொருத்தம் முன்னோர் மரபைத் தழுவி வருவது. இந்தியர் ஒருவர்க்கு ஏற்றவர் ஐரோப்பியரிடைக் கிடைத்தல் அரிது. நம்மவரிடைக் கிடைத்தலே எளிது. நம்மவருட் பெயர் பதிந்தாரோ மிகச் சிலர். ஒரு குலத்தார் என்பதனாற் பொருத்தம் உண்டெனத் துணிதலும், வேறு குலத்தார் என்பதனால் இல்லையெனத் துணிதலும் பிழை. முகத்தாலும் குலப்பெயராலும் அறியப்படாத உறவு அது. சோதனை ஒன்றே அதனைக் காட்டும்.

பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் தடவித் தருதலே போதும். பொருத்தம் நேரின், பெரும்பாலும் கைந்நரம்பின் வழியே குருதியினின்றும் குருத்தணுவைப் பிரித்தெடுப்பர். கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறும். இதனையறியாத பெற்றோர், மகன் வலியிழப்பான் என்றஞ்சி, அழைப்பு வந்த வேளையில் தடுத்துவிடுதலும் உண்டு. மாற்று மஜ்ஜை ஏற்றுமுன் நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவர். அதன்பின் கொடையாளர் பின்வாங்கின் அந்நோயாளி பிழைத்தல் மிக அரிது. ஆகவே இல்லத்தார் அனைவரோடும் முன்னரே கலந்து பேசி உறுதிசெய்துகொண்டு, பின்னர்ப் பெயர் பதிக. பதிந்தபின் சொல் தவறற்க. பெயரறியாத் தொண்டர் பலர் தம் தோலையும் குருதியையும் ஈந்தமையாற் பிறந்த அறிவு இது. நம் இளைஞரும் அவ்வரிசையில் நிற்பாராயின், அதனினும் பெருமை நம் சங்கத்திற்கு வேறில்லை என்போம்.