லீவுக்கு ஊருக்குப் போன கேள்வித்தாள்

வாட்ஸப் குரூப்புல வாரம் ஒரு கூகுள் ஃபார்ம் வருதுல்ல? "ஃப்ரெண்ட்ஸ், ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, ரெண்டே நிமிஷம்"னு எம்பிஏ டிபார்ட்மெண்ட்ல இருந்து யாராவது அனுப்புவாங்க. ஆன்லைன் ஷாப்பிங் பத்தி உங்க மனப்பான்மை என்ன, எலக்ட்ரிக் பைக் பத்தி உங்க மனப்பான்மை என்னன்னு கேட்டிருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு வட்டம். நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். நடு வட்டத்தை வரிசையா தட்டிட்டு சப்மிட் பண்ணிடுவீங்க. அந்த அஞ்சு வட்டத்தைக் கொண்டு வந்தவர் ரென்சிஸ் லைகெர்ட்ங்கிற அமெரிக்கர், 1932-ல. மனுஷங்க மனசுல இருக்கறதை எண்ணா மாத்த ஒரு வழி கிடைச்சிருச்சுன்னு அப்போ எல்லாருக்கும் சந்தோஷம்.

அதுக்கு 16 வருஷம் முன்னாடியே நம்ம மாதிரி காலேஜ் பசங்க கையில கேள்வித்தாளைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போறப்ப நிரப்பிட்டு வாங்கன்னு அனுப்பின ஒரு வாத்தியார் இருந்தாரு. அந்தத் தாள்ல அஞ்சு வட்டம் கிடையாது. அப்படி எழுதப்பட்ட ஊர்கள்ல ஒண்ணு நம்ம சிவகாசிக்குப் பக்கத்துல இருக்கு. அந்த வாத்தியார் பேரு கில்பர்ட் ஸ்லேட்டர். பொருளாதாரம் படிக்கிறவங்களுக்கு அவரைத் தெரியும். நம்ம இன்ஜினியரிங் பசங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல, அதனாலதான் எழுதறேன்.

ஸ்லேட்டர் பிறந்தது 1864-ல, இங்கிலாந்தோட தெற்குக் கரையில இருக்கிற பிளிமத் துறைமுகத்துல. படிச்சது கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. இங்கிலாந்து கிராமங்கள்ல பொது நிலங்கள் எப்படி வேலி போட்டுப் பிரிக்கப்பட்டன, சின்ன விவசாயிகள் எப்படி நிலத்தை இழந்து கூலிகளா ஆனாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி 1907-ல ஒரு புத்தகமா போட்டாரு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1905-06-ல லண்டன் பக்கத்துல வூலிச்ங்கிற ஊருக்கு மேயராவும் இருந்திருக்காரு. வூலிச் என்ன ஊரு தெரியுமா? பிரிட்டிஷ் அரசோட பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்த இடம். ஊர்ல பாதிப் பேருக்கு மருந்து, வெடி, குண்டு இதுகளோடதான் பிழைப்பு. பட்டாசுக்கார ஊர்ல பிறந்த எனக்கு இதைப் படிச்சதும் ஒரு சின்ன சொந்தம் வந்துருச்சு. ஆராய்ச்சிக்கு இது ஆதாரம் இல்லதான், சும்மா சொல்றேன்.

அடுத்து அவர் போன இடம்தான் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டுல ரஸ்கின் கல்லூரின்னு ஒண்ணு இருந்தது. சுரங்கத் தொழிலாளி, ரயில்வே தொழிலாளி மாதிரியானவங்க வந்து படிக்கிறதுக்காக 1899-ல ஆரம்பிச்சது. 1909-ல அங்க மாணவர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. ஃபீஸ், ஹாஸ்டல் சாப்பாடு பிரச்சினை இல்ல. எங்களுக்கு எந்தப் பொருளாதாரத்தைச் சொல்லித் தர்றீங்க, முதலாளி பார்வையிலயா, தொழிலாளி பார்வையிலயாங்கிறதுதான் சண்டை. மாணவர்கள் பக்கம் நின்ன பிரின்சிபாலை வெளியே அனுப்பிட்டாங்க. அந்த நாற்காலியில வந்து உட்கார்ந்தவர்தான் ஸ்லேட்டர். கொஞ்சம் நெருடலான இடம்தான், மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஆறு வருஷம் அங்க இருந்ததுல, பதினைஞ்சு வருஷம் சுரங்கத்துல வேலை பார்த்தவனுக்கு முன்னாடி புத்தகத்தை மட்டும் வெச்சுக்கிட்டுக் கூலியைப் பத்திப் பாடம் நடத்த முடியாதுன்னு எந்த வாத்தியாருக்கும் புரிஞ்சிருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்குன்னு முதல்முறையா ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்குச்சு. அதுல சேர 1915-ல ஸ்லேட்டர் கப்பல் ஏறி வந்தாரு. முதல் உலகப்போர் நடந்துகிட்டு இருந்த நேரம், அவருக்கு வயசு அம்பதைத் தாண்டியாச்சு. இங்க பசங்க படிச்சது முழுக்க இங்கிலீஷ் பாடப்புத்தகம். உதாரணம் எல்லாம் மான்செஸ்டர் மில்லும் லண்டன் பேங்க்கும். பரீட்சையில அதையே எழுதி பாஸ் பண்ணுவாங்க. அவங்க அப்பாவோட நிலத்துல அறுவடைக்கு எத்தனை மரக்கால் கூலியா அளக்கறாங்கன்னு கேட்டா முழிப்பாங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சுட்டு, "கண்மாய்"க்கும் "ஊருணி"க்கும் வித்தியாசம் காலேஜ் வந்தப்புறம் கூகுள் பண்ணித் தெரிஞ்சுக்கிட்ட ஆள் நான். இந்த இடத்துல யாரையும் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்ல.

1916-ல ஸ்லேட்டர் ஒரு நீளமான கேள்விப்பட்டியல் தயார் பண்ணாரு. நிலம் யார் கையில இருக்கு, எத்தனை ஏக்கர், என்ன பயிர், எத்தனை மாடு, குத்தகை எவ்வளவு, கூலி பணமாவா தானியமாவா, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஊரை விட்டுப் பிழைக்கப் போனவங்க எத்தனை பேர். இதைப் பசங்ககிட்ட கொடுத்து உங்க ஊர்லயே விசாரிச்சு எழுதிட்டு வாங்கன்னாரு. தானும் கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தாரு. வந்ததுல நல்லதைத் தொகுத்து 1918-ல புத்தகமா வெளியிட்டாரு, 'சில தென்னிந்தியக் கிராமங்கள்'ங்கிற அர்த்தம் வர்ற இங்கிலீஷ் தலைப்புல. திருநெல்வேலியில கங்கைகொண்டான், தஞ்சாவூர்ல பாலக்குறிச்சி, காஞ்சிபுரம் பக்கத்துல தூசி, விழுப்புரம் பக்கத்துல இருவேல்பட்டு, கூடவே மலபார், ஆந்திரப் பக்கத்து ஊர்களும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்துக்காக வந்த ஊரு வடமலைபுரம், இப்போ நாம வடமலாபுரம்னு சொல்றது. விருதுநகர் மாவட்டம்னு ஒண்ணு அப்போ கிடையாது, அது 1985-லதான் வருது. விருதுநகருக்கே அப்போ பேரு விருதுபட்டி.

வருஷத்தைக் கவனிங்க. 1916. சிவகாசியில தீப்பெட்டி இல்ல. கரிசல் மண்ணு, வானம் பார்த்த பூமி, மழை தப்புனா பஞ்சம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கத்துக்க கல்கத்தாவுக்கு ரயில் ஏறினது 1922-ல. சுமார் எட்டு மாசம் அங்க இருந்து கத்துக்கிட்டு வந்து 1923-ல தீப்பெட்டி செய்ய ஆரம்பிச்சாங்க. பட்டாசு ஃபேக்டரிகள் பெருகினது 1940-க்கு அப்புறம். அதாவது, ஸ்லேட்டரோட மாணவன் தாளோட வந்து நின்னது, இந்தச் சீமை மொத்தமும் மாறப் போறதுக்கு ஆறேழு வருஷம் முன்னாடி. வீடு புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி யாரோ தற்செயலா எடுத்து வெச்ச போட்டோ மாதிரி. விவசாயம் தெரிஞ்ச ஜனங்க ஒரு தலைமுறைக்குள்ள குச்சி அடுக்கவும், மருந்துல முக்கவும், பெட்டி ஒட்டவும் எப்படிக் கத்துக்கிட்டாங்கன்னு கேட்கணும்னா, முன்னாடி என்னவா இருந்தாங்கன்னு தெரியணும்ல? அந்த முன்னாடி நமக்கு எழுத்துல இருக்கு.

சரி, ஸ்லேட்டரை ரொம்பத் தூக்கி வெச்சும் பேச வேண்டாம். ஒரு சிக்கல் இருக்கு. 1916-ல காலேஜ் வரைக்கும் வந்த பசங்க யாரு? பெரும்பாலும் நிலம் வெச்சிருந்த வீட்டுப் பிள்ளைங்க, மேல்சாதிக்காரங்க. இருவேல்பட்டைப் பத்தி எழுதினவர் அந்த ஊரோட பெரிய நிலக்கிழார் குடும்பத்துலயே பிறந்தவர். பண்ணையார் வீட்டுத் தம்பி நோட்டோட வந்து, உனக்குக் கூலி ஒழுங்கா கிடைக்குதா, யார்கிட்ட கடன் வாங்கியிருக்கன்னு கேட்டா, அவர் வயல்லயே வேலை பார்க்கிறவர் என்ன சொல்லியிருப்பாரு? நீங்களே யோசிங்க. அந்தப் புத்தகத்தை எடுத்தா இந்தச் சந்தேகத்தோடதான் படிக்கணும்.

ஆனா அவர் கேட்ட கேள்வியோட வகைதான் என்னை யோசிக்க வெச்சது. உங்களுக்குத் திருப்தியா, உங்க மனப்பான்மை என்னன்னு கேட்டு நிறுத்தாம, எண்ணிப் பார்க்கக்கூடியதைக் கேட்டாரு. ஏக்கர், மாடு, மரக்கால், வட்டி. இது ஏன் புத்திசாலித்தனம்ங்கிறது பின்னாடி அமெரிக்காவுல தெரிய வந்துச்சு. ரிச்சர்ட் லாப்பியர்னு ஒரு சமூகவியலாளர், 1930-களோட தொடக்கத்துல ஒரு சீனத் தம்பதியோட காருல ஊர் ஊரா சுத்தினாரு. சீனர்கள் மேல அங்க பயங்கர வெறுப்பு இருந்த காலம். 251 ஹோட்டல், சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனாங்க. ஒரே ஒரு இடத்துலதான் இடமில்லன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே இடங்களுக்கு, சீன விருந்தாளிகளை ஏத்துக்குவீங்களான்னு கடிதம் போட்டாரு. பதில் வந்ததுல 90 சதவீதத்துக்கும் மேல, மாட்டோம்! 1934-ல இதை வெளியிட்டாரு. வாயால சொல்றது ஒண்ணு, ஆள் நேர்ல நிக்கிறப்ப செய்யறது வேற ஒண்ணு.

எங்க ஏழாயிரம்பண்ணைக்கு வாங்க, இதோட தலைகீழ் வடிவத்தைக் காட்டறேன். 1980-கள்ல இருந்து இந்தப் பக்கம் கேள்வித்தாளோட வராத ஆள் இல்ல. 1983-ல ஸ்மிது கோத்தாரி சிவகாசி தீப்பெட்டிக் குழந்தைத் தொழிலாளர் பத்தி எழுதினதுக்கு அப்புறம் உலகமே திரும்பிப் பார்த்தது. 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. அப்புறம் அதிகாரிங்க, தொண்டு நிறுவனம், டிவிக்காரங்க, பிஎச்டி பண்றவங்கன்னு வரிசை. ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் ஒரு அலை வரும். 2021 பிப்ரவரியில பக்கத்துல அச்சங்குளத்துல வெடிச்சு இருபது பேருக்கு மேல செத்தப்பவும் வந்தாங்க. இதுல எங்க ஜனங்க ஒண்ணை நல்லா கத்துக்கிட்டாங்க: யாருக்கு எந்தப் பதில் பிடிக்கும்ங்கிறதை. பட்டாசு வேலைக்குப் பிள்ளையை அனுப்புவீங்களான்னு கேட்டா உடனே வரும் பதில், அய்யோ இல்லப்பா, படிக்கத்தான் வெப்போம். பாதுகாப்பு விதி தெரியுமான்னா, ஒரு அறையில நாலு பேருக்கு மேல கூடாது, மருந்தை உரசக் கூடாது, செருப்பு போடக் கூடாதுன்னு மனப்பாடமா வரும். அந்த மதினிங்க பொய் சொல்லல. விதி நிஜமாவே தெரியும். ஆனா கூலி எண்ணிக்கைக் கணக்குல வர்றப்ப, தீபாவளி ஆர்டர் நெருங்கறப்ப, கை எவ்வளவு வேகமா ஓடுதுங்கிறதை அஞ்சு வட்டத்துல எந்த வட்டம் பிடிக்கும்?

ஸ்லேட்டர் மாதிரி கேட்கணும்னா வேற மாதிரி கேட்கணும். காலையில ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நின்னு ஃபேக்டரி வேன் எத்தனை, காலேஜ் பஸ் எத்தனைன்னு எண்ணலாம். ஒரே வீட்டுல இருந்து ரெண்டுலயும் ஏறுறவங்க எத்தனை பேர்னு எண்ணலாம். பொண்ணோட செமஸ்டர் ஃபீஸ் எந்த அட்வான்ஸ்ல இருந்து வந்துச்சுன்னு கேட்கலாம். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டப்புறம், சரவெடி பின்னிக்கிட்டு இருந்தவங்க அடுத்த மாசம் எந்த வேலைக்குப் போனாங்கன்னு வீடு வீடா எழுதலாம். தடை பத்தின அவங்க மனப்பான்மை அதுலயே தெரிஞ்சிரும்.

மனுஷனோட கதைக்குத் திரும்பறேன். ஸ்லேட்டர் 1920-களோட தொடக்கத்துல இங்கிலாந்துக்குத் திரும்பிட்டாரு. கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் சென்னை சட்டசபையில உறுப்பினராவும் இருந்தாரு. 1924-ல இந்தியப் பண்பாட்டுல திராவிடப் பங்கு பத்தி ஒரு புத்தகம். இந்தப் பண்பாட்டுக்குத் திராவிடர்கள் கொடுத்தது அதுவரை ஒத்துக்கிட்டதைவிட ரொம்ப அதிகம்ங்கிறது வாதம். அவர் மொழியியலாளர் இல்ல, அதுல பல இடங்கள் இப்போ நிக்காது. ஆனா அந்த வருஷம்தான் சிந்துவெளிக் கண்டுபிடிப்பை மார்ஷல் உலகத்துக்கு அறிவிச்சாரு, அதையும் சேர்த்துப் பாருங்க. 1936-ல சென்னை நாட்களைப் பத்தியும் இங்கத்த அரசியல், பொருளாதாரம் பத்தியும் இன்னொரு புத்தகம். 1938-ல இறந்துட்டாரு.

அவர் இருக்கும்போதே, 1936-37-ல, பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினாங்க. இருபது வருஷத்துல என்ன மாறிச்சுன்னு பார்க்க. அந்தப் புத்தகம் 1940-ல வந்தப்ப ஸ்லேட்டர் இல்ல. 1980-கள்ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க திரும்பப் போனாங்க. வடமலாபுரத்துக்கு வந்தவர் வெங்கடேஷ் ஆத்ரேயா. இருவேல்பட்டுக்கு ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூணு பேரும் 2008 வரைக்கும் கணக்கைக் கொண்டு வந்துட்டாங்க. உலகத்துல ஒரே கிராமத்தை இத்தனை தலைமுறையா திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தது ரொம்பக் குறைவு. அதை ஆரம்பிச்சு வெச்சது ஒரு லீவு அசைன்மெண்ட்.

1918 புத்தகம் இணையத்துல ஸ்கேன் பண்ணி இலவசமா கிடைக்குது. இங்கிலீஷ்தான், ஆனா எளிமையா இருக்கும். கரிசக்காட்டுப் பக்கத்துப் பசங்க வடமலாபுரம் அத்தியாயத்துல இருந்து ஆரம்பிங்க. தஞ்சாவூர்க்காரங்களுக்குப் பாலக்குறிச்சி இருக்கு.