உருவம் துறந்த ஓவியர்

1866இல் மாஸ்கோவில் பிறந்த வாசிலி காண்டின்ஸ்கி, சட்டமும் பொருளியலும் பயின்று பேராசிரியர் பதவிக்கு அழைக்கப்பெற்றவர். முப்பதாம் வயதில் அதனை மறுத்து, ஓவியம் கற்க மியூனிக் நகருக்குச் சென்றார். பட்டம் பெற்றுப் பதவி தேடும் நம் மாணவர்க்கு இது வியப்பளிக்கலாம்.

மாஸ்கோவில் மோனேயின் வைக்கோற்போர் ஓவியத்தைக் கண்டபோது, அது இன்னதென்று அவருக்குப் புலப்படவில்லை. ஆயினும் மனத்தை விட்டு அகலவில்லை. பின்னர் மியூனிக்கில் ஒருநாள், மங்கிய மாலையொளியில் தம் அறையில் இனந்தெரியாத ஓர் ஓவியத்தின் பேரழகு கண்டு திகைத்தார். அணுகி நோக்க, அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த தம் ஓவியமே! பொருள்களின் உருவமே தம் ஓவியத்துக்குத் தடையென அவர் உணர்ந்தது அன்றுதான்.

உள்ளத்தில் தானே கிளர்ந்ததைத் தீட்டியவற்றை 'இம்ப்ரொவைசேஷன்' என்றும், நெடிது எண்ணி அமைத்தவற்றைக் 'காம்போசிஷன்' என்றும் இசைத்துறைச் சொற்களால் வழங்கினார். உள்ளுணர்வு என்பது உழைப்பின்மை என்று கருதுவோர் ஏழாம் காம்போசிஷனை நோக்குக. முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளுக்குப் பின், 1913 நவம்பரில் நான்கே நாட்களில் அதனைத் தீட்டி முடித்தார். அதில் ஊழிவெள்ளத்தைக் காண்பாரும் உளர். வண்ணங்களின் இசையை மட்டுமே கேட்பாரும் உளர். இருசாராரையும் பிழைபட்டோர் என நாம் கூறமாட்டோம்.

1922 முதல் பௌஹௌஸ் பள்ளியில் கற்பித்தார். நாஜிகளின் நெருக்கடியால் 1933இல் அது மூடப்பட, பாரிசை அடுத்த நெய்யிக்குக் குடிபெயர்ந்தார். 1937இல், அவர் ஓவியம் பயின்ற அதே மியூனிக்கில், அவர்தம் படைப்புகள் 'சீர்கெட்ட கலை' என்னும் பெயரால் இழிவுபடுத்தப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1944 டிசம்பரில் நெய்யியில் மறைந்தார்.