பகல் முழுக்க அடுத்தவர் பேச்சு, டைரியில் மட்டும் தன் பேச்சு: 25 வருஷம் எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை!

பனமலைக்குப் போயிருக்கீங்களா? விழுப்புரம் மாவட்டத்தில், பெரிய ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் குன்று. அதன் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். சுமார் 1,300 வருஷத்துக்கு முன்னாடி ராஜசிம்ம பல்லவன் கட்டியது. உள்ளே ஒரு சுவரில், ஒரு காலை மடக்கித் தலையைச் சாய்த்து நிற்கிற தேவியின் ஓவியம் பாதி அழிந்தும் இன்னும் அழகாக இருக்கிறது. நீங்க போனா கண்டிப்பா போட்டோ எடுப்பீங்க, ஸ்டேட்டஸ் போடுவீங்க. 24 மணி நேரத்தில் அது காணாமல் போய்விடும்.

ராஜசிம்மனும் அங்கே ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான், கல்லில்! தன் வம்சப் பெருமையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு இன்னும் அழியவில்லை. ஆனா அந்த ராஜா எதுக்குப் பயந்தான், யார் மேல கடுப்பா இருந்தான், எந்த நாள் அவனுக்கு மோசமான நாள்? கல் அதையெல்லாம் சொல்லாது. பெருமையை எழுதத்தான் கல்வெட்டு.

பயத்தையும் கடுப்பையும் சேர்த்து எழுதி வைத்த ஒரு மனிதரைப் பார்க்கணும்னா, பனமலையிலிருந்து கிழக்கே, கடலைப் பார்த்துப் போகணும். புதுச்சேரியில் ரங்கப் பிள்ளை வீதி என்று ஒன்று இருக்கே, அந்த ரங்கப் பிள்ளைதான் அவர்.

27 வயசில் ஒரு நோட்டு

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தார். அப்பா திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. அவருடைய மைத்துனர் நைனியப்பப் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷி. அந்தத் தொடர்பில் குடும்பம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது.

துபாஷி என்றால் இரண்டு மொழி பேசுகிறவர். வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வெள்ளைக்கார கவர்னருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேச்சு, வியாபாரம், பஞ்சாயத்து எல்லாத்தையும் நடத்துகிறவர். பெரிய பதவி, அதே அளவுக்குப் பெரிய ஆபத்து.

அந்த ஆபத்தைப் பிள்ளையின் குடும்பம் கண்ணெதிரே பார்த்தது. 1716-ல் நைனியப்பரைக் கைது செய்தார்கள். தமிழில் சொன்ன சாட்சியங்களைப் போர்த்துக்கீசியத்துக்கும் பிரெஞ்சுக்கும் மாற்றி எழுதினார்கள். தங்களால் படிக்கவே முடியாத காகிதத்தில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். கசையடி, சிறை, சொத்து பறிமுதல் எனத் தண்டனை. 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார். அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றம் பிறகு ரத்தானது. ஆனா ஆள் போனது போனதுதானே!

அப்போது ஆனந்தரங்கருக்கு ஏழெட்டு வயசு. நம்ம பேச்சை வேற யாரோ எழுதினா என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேணுமா? இந்தச் சம்பவம்தான் அவரை டைரி எழுத வைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனா அந்த வீட்டில் வளர்ந்த பையன், 27 வயசில், 1736 செப்டம்பர் 6-ம் தேதி ஒரு நோட்டைத் திறந்து தன் கணக்கில் எழுத ஆரம்பித்தார்.

கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கப்பல் வந்தது, போனது, அதிசயமாகப் பட்டது... இதையெல்லாம் எழுதப்போவதாக ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். இலக்கியம் படைக்கும் ஆசையெல்லாம் இல்லை. பேச்சுத் தமிழ், நடுநடுவே தெலுங்கு, உருது, போர்த்துக்கீசிய, பிரெஞ்சு வார்த்தைகள். இன்னைக்கு நாம மெசேஜில் தங்கிலீஷ் கலக்குற மாதிரிதான்!

யாரிடமும் சொல்ல முடியாத நாள்கள்

1742-ல் டூப்ளே கவர்னராக வந்தார். 1746-ல் தலைமைத் துபாஷி கனகராய முதலி இறந்ததும், அந்த வேலை பிள்ளையின் தோளில் விழுந்தது. அதே வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். பிடித்த ஊரை என்ன செய்வது என்று டூப்ளேவுக்கும் கப்பல் படைத்தலைவர் லாபூர்தொனேவுக்கும் சண்டை. இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார் பிள்ளை.

அவருடைய ஒரு நாளை யோசித்துப் பாருங்க. கவர்னர் சொல்வதை ஊரிடம் சொல்லணும். ஊர் சொல்வதைக் கவர்னருக்குக் கோபம் வராத மாதிரி சொல்லணும். நவாபுக்குக் கடிதம், வியாபாரிக்குச் சமாதானம். நாள் முழுக்க வாயிலிருந்து வருவது அத்தனையும் அடுத்தவர் வார்த்தை. தன் கருத்தைச் சொன்னால் பதவி போகும், ஒருவேளை தலையும் போகும்.

அப்போ அவருடைய சொந்தப் பேச்சு எங்கே போச்சு? டைரிக்குத்தான் போச்சு.

1748 செப்டம்பரை எடுத்துக்கங்க. ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். அந்தச் சமயத்தில் ஊரின் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். பிள்ளை பக்தியான வைணவர், ஊரில் தமிழர்களுக்குத் தலைவர் மாதிரி. அதே சமயம், இடிக்கச் சொன்ன நிர்வாகத்தின் துபாஷி. ஊர் மக்கள் அவரைப் பார்க்கிறார்கள். அவரால் தடுக்க முடியவில்லை.

அன்று அவர் எழுதியதைப் படித்தால் அந்தத் தவிப்பு புரியும். டூப்ளேயின் மனைவி மேல் கோபம், பாதிரிமார்கள் மேல் கோபம், ஒன்றுசேர்ந்து நிற்காத ஊர்ப் பெரியவர்கள் மேலும் கோபம். பகலில் யாரிடமும் கொட்ட முடியாததை நோட்டில் கொட்டினார். மறுநாள் வழக்கம்போல கவர்னர் முன்னால் போய் நின்றார்.

புகழும் இருக்கு, புகைச்சலும் இருக்கு

1750-ல் காட்சி மாறுகிறது. பனமலையிலிருந்து அதிக தூரமில்லாத செஞ்சிக் கோட்டையை அந்த செப்டம்பரில் பிரெஞ்சுப் படை பிடித்தது. டிசம்பரில் செஞ்சிக்குப் பக்கத்திலேயே ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். அடுத்து வந்த முசாபர் ஜங் புதுச்சேரிக்கே வந்து, பிள்ளைக்கு மன்சப்தார் பட்டமும் செங்கல்பட்டு ஜாகீரும் கொடுத்தார். கவர்னர் மாளிகைக்குப் பல்லக்கில் போகிற உரிமையும் பிள்ளைக்கு இருந்தது.

இந்தப் பெருமையெல்லாம் டைரியில் தாராளமாக இருக்கிறது. யாராவது புகழ்ந்தால் விடமாட்டார், பக்கம் பக்கமாக எழுதிவைப்பார். திருமதி டூப்ளே புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் பேசுவார். துபாஷி இல்லாமலேயே ஊரோடு பேசக்கூடிய ஒருவர் கவர்னர் வீட்டிலேயே இருந்தால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அவர் மேல் பிள்ளைக்கு இருந்த எரிச்சல் வருஷக்கணக்கில் ஓடுகிறது. சாதிப் பார்வை, பதவி ஆசை, போட்டியாளர் மேல் பொறாமை எதையும் அவர் துடைத்து வைக்கவில்லை.

எழுதிட்டா கோபம் உடனே கரைஞ்சிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிள்ளைக்குக் கரையவில்லை. ஆனா அந்தக் கோபம் நோட்டில் தங்கியது, கவர்னர் முன்னால் வாயில் வந்துவிடவில்லை. அத்தனை எதிரிகளுக்கு நடுவில் அவர் பத்து வருஷம் அந்த வேலையில் தாக்குப்பிடித்தார் என்பதையும் கவனிங்க.

1754-ல் டூப்ளேவை பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. 1756-ல் பிள்ளையின் பதவி போனது. உடம்பும் தளர்ந்தது. பதவி போன பிறகும் டைரி நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதிகாரம் இருந்தபோது மட்டும் எழுதியிருந்தால் அதுவும் பனமலைக் கல்வெட்டு மாதிரி ஆகியிருக்கும். ஆங்கிலேயர் மறுபடி முற்றுகையிட்டு ஊரே பட்டினி கிடந்த நேரத்தில், 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். சில நாளில், ஜனவரி 16-ம் தேதி, புதுச்சேரி வீழ்ந்தது. ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை போச்சு, கவர்னர் மாளிகை போச்சு. காகித நோட்டுகள் தப்பித்தன!

1846-ல் கல்லுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைத் தேடி எடுத்தார். 1904 முதல் 1928 வரை, 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. தமிழிலும் நூலாகக் கிடைக்கிறது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்கள் பிறந்ததும் இந்த நோட்டுகளிலிருந்துதான். லண்டனின் புகழ்பெற்ற டைரிக்காரர் சாமுவேல் பெப்பிஸ் எழுதியது சுமார் ஒன்பதரை வருஷம். நம்ம பிள்ளை எழுதியது 25 வருஷம்!

சரி, நமக்கு என்ன லாபம்?

1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனசை அழுத்துகிற விஷயத்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததோடு, அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதும்போது கஷ்டப்பட்டார்கள். ஆனா அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. இது மந்திரம் இல்லை. மனசு ரொம்ப பாரமா இருந்தா டாக்டரைத்தான் பார்க்கணும்.

ஆனா பிள்ளையின் வாழ்க்கை காட்டுகிற லாபம் வேற. நாமும் இப்போ ஒரு வகையில் துபாஷிகள்தானே? மேனேஜர் சொன்னதை டீமுக்கு, டீம் சொன்னதை மேனேஜருக்கு. வீட்டு குரூப்பில் ஒரு பேச்சு, ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் வேற பேச்சு. நாள் முழுக்க டைப் பண்றோம், எல்லாமே யாரோ படிக்கிறதுக்காக. யாருமே படிக்காத இடத்தில் நீங்க கடைசியா எப்போ எழுதினீங்க?

பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்ள நாலு விஷயம்:

முதலில் தேதி. அவர் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை, கூடவே ஐரோப்பியத் தேதி என எல்லாம் போடுவார். ஆறு மாசம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது இதுதான் கை கொடுக்கும்.

பார்த்தது வேற, கேட்டது வேற. எதைக் கண்ணால் பார்த்தீங்க, எதை யாரோ சொன்னாங்க என்று பிரித்து எழுதுங்க. பாதிச் சண்டைகள் கேள்விப்பட்ட விஷயத்தில்தான் ஆரம்பிக்கின்றன என்று உங்களுக்கே தெரியவரும்.

சின்ன விவரம் முக்கியம். வந்த கப்பலுக்கு எத்தனை பீரங்கி முழங்கியது என்றுகூட அவர் எண்ணி எழுதினார். பஸ் டிக்கெட் விலை, இன்னைக்குச் சாப்பிட்ட சாப்பாடு... அலட்சியமா நினைக்காதீங்க.

விட்டுப்போனா விடுங்க. பிள்ளையின் டைரியிலும் இடைவெளிகள் இருக்கின்றன. பக்கம் பக்கமாக ஓடும் நாளும் உண்டு, ரெண்டு வரியில் முடியும் நாளும் உண்டு.

நோட்டு வேணும்னு இல்லை, போனில் பூட்டு போட்ட ஒரு நோட்ஸ் ஃபைல் போதும். இன்னைக்குத் தூங்கறதுக்கு முன்னாடி தேதியைப் போடுங்க. இன்னைக்கு நீங்க சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கும் இல்லையா? முதல் வரியா அதை எழுதுங்க.