ஜாதகம் எழுதிய கெப்ளரும் எட்டு கலைப் பிழையும்

போன டிசம்பரில் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஸ்டுட்கார்ட்டில், பனி கொட்டிய ஓர் அதிகாலையில். அன்றைக்கே இரண்டு போன். முதலில் மாமி. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். பிள்ளை பிறந்த நேரத்தை நிமிஷம் பிசகாமல் குறிச்சு வையுங்கோ தம்பி என்றார். அடுத்தது பாளையங்கோட்டையிலிருந்து அம்மா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். நேரம் கீரம்னு யாராவது கேட்டா குடுத்துராதல, ஜாதகம் நமக்கு ஆகாது என்றாள். வீடியோவில் அவளுக்குப் பின்னால், வாசலில், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.

அந்த நட்சத்திரத்தைப் பார்த்துதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வானத்தைப் பார்த்து ஒரு பிள்ளையின் பிறப்பைக் கணித்து, ஒட்டகம் ஏறி வந்தவர்களின் கதை அது. எங்கள் தமிழ் பைபிளில் அவர்களுக்குச் சாஸ்திரிகள் என்றே பெயர். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களிலும் இதே கதைதான். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் பன்னிரண்டு ராசிகளையும் கல்லிலும் கண்ணாடியிலும் வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி ஜெயிக்க முடியாது. ஆனால் பிரசவ விடுப்பில் ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தபோது, இந்தச் சண்டையைத் தனக்குள்ளேயே வாழ்நாள் முழுக்க நடத்திய ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் ஏறினால் அவர் ஊர்தான் கடைசி ஸ்டேஷன். ஜோகன்னஸ் கெப்ளர்.

நாம் பிளஸ் டூவில் மூன்று விதிகளாக மனப்பாடம் செய்த கெப்ளர்தான். 1571 டிசம்பர் 27 அன்று வைல் டேர் ஸ்டாட் என்ற சின்ன ஊரில் குறைமாதத்தில் பிறந்தார். அப்பா கூலிப்படைச் சிப்பாய், ஒரு நாள் போனவர் திரும்பவே இல்லை. அம்மா கத்தரீனா மூலிகை வைத்தியம் தெரிந்தவர். 1577-இல் வால்நட்சத்திரம் தோன்றியபோது ஐந்து வயதுப் பையனை மேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டியவர் அவர்தான். பெரியம்மை வந்து பையனின் பார்வை மங்கிவிட்டது. வானியலின் போக்கையே மாற்றிய மனிதருக்கு நட்சத்திரங்கள் சரியாகத் தெரியாது!

டூபிங்கனில் படித்தது லூத்தரன் போதகர் ஆவதற்காக. படிப்பு முடியுமுன்பே, 1594-இல், கிராட்ஸ் நகரில் கணக்கு வாத்தியாராக அனுப்பிவிட்டார்கள். வருஷா வருஷம் பஞ்சாங்கம் போடுவதும் அந்த வேலையில் சேர்த்தி. முதல் பஞ்சாங்கத்திலேயே கடும் குளிர் என்றும் துருக்கியர் படையெடுப்பு என்றும் எழுதினார். இரண்டும் பலித்தன. பேர் கிடைத்துவிட்டது.

1595 ஜூலை 19. வகுப்பில் குரு–சனி சேர்க்கையைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு ஒரு முறை குருவும் சனியும் சேரும். ஒவ்வொரு முறையும் ராசி மண்டலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளிச் சேரும். மூன்று சேர்க்கையில் அறுபது வருஷம், கிட்டத்தட்ட பழைய இடம். நம் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது வருஷச் சுற்றும் இதே தாளம்தான். ஊரில் அறுபதாம் கல்யாணம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் வட்டத்துக்குள் முக்கோணம் மேல் முக்கோணமாக விழும். உள்ளே இன்னொரு சின்ன வட்டம் தானாக உருவாகும். கெப்ளர் அதையே வெறித்துப் பார்த்தார். வெளி வட்டம் சனியின் பாதை, உள் வட்டம் குருவின் பாதை என்று ஏதோ ஒன்று மனசுக்குள் பளிச்சென்று அடித்தது. கணக்கு எதுவும் போடவில்லை. உள்ளுணர்வு, அவ்வளவுதான்.

அதிலிருந்து, அன்று அறியப்பட்ட ஆறு கோள்களுக்கு நடுவே ஐந்து ஒழுங்குத் திண்மங்களை வைத்துத்தான் கடவுள் உலகத்தைக் கட்டினார் என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த வருஷமே புத்தகம். இதைச் சொல்லியே ஆகணும்: அது முழுக்கத் தப்பு. ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு உள்ளுணர்வும் இருந்தது. வானக் கோளத்தை அவர் திரித்துவத்தின் உருவமாகப் பார்த்தார். நடுவில் சூரியன் பிதா, வெளியே நட்சத்திர மண்டலம் குமாரன், இடைப்பட்ட வெளி பரிசுத்த ஆவி. பிதாவிடமிருந்து வல்லமை புறப்படுகிற மாதிரி, கோள்களை நகர்த்தும் விசையும் சூரியனிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று நம்பினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோப்பர்நிக்கஸ்கூடக் கோள்களின் பாதையைச் சூரியனை வைத்து அளக்கவில்லை, பூமிப் பாதையின் மையத்தை வைத்து அளந்தார். கணக்குக்கு அது போதும். அளந்தால் நிஜச் சூரியனிலிருந்துதான் அளப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர் கெப்ளர். காரணம், அந்தத் திரித்துவப் படம். பின்னால் மூன்று விதிகளும் வந்தது இந்தப் பிடிவாதத்தால்தான்.

1600-இல் புராட்டஸ்டன்ட் என்பதற்காக கிராட்ஸிலிருந்து விரட்டப்பட்டார். பிராகில் டைகோ பிராஹேயிடம் சேர்ந்தார். டைகோ மறு வருஷமே இறந்துபோக, அவருடைய செவ்வாய்க் கணக்குகள் கெப்ளர் கைக்கு வந்தன. வட்டத்தை வைத்து அருமையான ஒரு மாதிரியைச் செய்தார். டைகோவின் அளவுகளோடு ஒப்பிட்டால் எட்டு கலை உதைத்தது. முழுநிலாவின் அகலத்தில் கால் பங்குதான் அது. வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். நான் என்றால் டிக்கெட்டையே மூடியிருப்பேன். டைகோவின் அளவு அவ்வளவு தப்பாகாது என்று கெப்ளருக்குத் தெரியும். தன் வருஷக்கணக்கான உழைப்பைத் தூக்கிப் போட்டார், இரண்டாயிரம் வருஷ வட்டத்தையும் சேர்த்து. 1609-இல் நீள்வட்டம் வந்தது.

இதற்கிடையில் 1603 டிசம்பரில் குருவும் சனியும் மறுபடி சேர்ந்தன. மறு வருஷம் அதே பக்கத்தில் புதிதாக ஒரு நட்சத்திரம் எரிந்தது. கெப்ளர் பின்னோக்கிக் கணித்தார். கி.மு. 7-இல் இதே சேர்க்கை மீன ராசியில் நடந்திருக்கிறது. கிழக்கிலிருந்து சாஸ்திரிகளைப் புறப்பட வைத்தது இதுதானோ என்று எழுதினார். சேர்க்கையே பெத்லகேம் நட்சத்திரம் என்று அவர் சொன்னதாக 2020 டிசம்பரில் வாட்ஸ்அப்பில் எல்லாம் சுற்றியது. அவர் சொன்னது அது இல்லை. சேர்க்கை ஒரு முன்னறிவிப்பு, நட்சத்திரம் தனியாகக் கடவுள் வைத்தது என்பதே அவர் எண்ணம். அந்த ராத்திரி எங்கள் பால்கனியிலிருந்து மேகம் மட்டும்தான் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

ஜோதிடத்தை அவர் கடைசிவரை விடவில்லை. பன்னிரண்டு ராசி, பன்னிரண்டு வீடு என்ற பிரிவெல்லாம் மனுஷன் போட்ட கோடு என்று ஒதுக்கினார். கோள்களின் பார்வைக் கோணங்களை மட்டும் நம்பினார். தன் தாய் தன்னைக் கருத்தரித்த நேரத்தைக்கூட நிமிஷக் கணக்கில் குறித்து வைத்த ஆள். 1598-இல் முதல் மகன் பிறந்ததும் ஜாதகம் எழுதினார். பிரமாதமான ஜாதகம். இரண்டு மாதத்தில் குழந்தை இறந்துவிட்டது. இதைப் படித்த ராத்திரி நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தோளில் கிடந்தவளின் மூச்சு சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1618-இல் மறுபடியும் ஒரு மகள் இறந்தாள். கோள் அட்டவணை வேலை ஓடவில்லை. மனசு ஆற, கோள்களின் இசைவு பற்றிய புத்தகத்தில் இறங்கினார். மார்ச் 8 அன்று மூன்றாம் விதி மனசில் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை. தள்ளிவிட்டார். மே 15 அன்று அது திரும்ப வந்தது. இம்முறை பொருந்தியது. முதல் தடவை தப்பியது உள்ளுணர்வு அல்ல, கூட்டல் பெருக்கல்! உள்ளுணர்வை மட்டம் தட்டும் என் ஆபீஸ் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது.

ஆனால் உள்ளுணர்வின் இன்னொரு முகத்தையும் அவர் பார்த்தார். 1615-இல் லியோன்பெர்க்கில் இருந்த அவர் அம்மாவைச் சூனியக்காரி என்றார்கள். அவர் கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் சீக்கு வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள். ஊரே தலையாட்டியது. அந்தக் கிழவி யார் கண்ணையும் பார்த்துப் பேசுவதில்லை, அழவே மாட்டேன் என்கிறாள் என்று சாட்சிகள். அவர்களுக்கும் மனசுதான் சொன்னது. 1620 ஆகஸ்டில் எழுபது தாண்டிய கிழவியைக் கைது செய்து சங்கிலியில் கட்டினார்கள்.

கெப்ளர் அப்போது லின்ஸில். சபைக் கொள்கையில் கையெழுத்துப் போடாததால் அங்கே திருவிருந்தும் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். இங்கே நட்சத்திரம் பேசவில்லை. ஒவ்வொரு சாட்சியையும், ஒவ்வொரு நோயையும் தனித்தனியாக எடுத்து, இயற்கையான காரணம் என்ன, சொன்னவர் எங்கே முரண்படுகிறார் என்று 128 பக்கத்துக்கு வாதம் தயாரானது. செவ்வாயின் எட்டு கலையைப் பிடித்த அதே கண். 1621 செப்டம்பரில் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டினார்கள். கத்தரீனா அசையவில்லை. பதினான்கு மாதச் சிறைக்குப் பிறகு விடுதலை. அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார்.

கெப்ளர் 1630 நவம்பரில், சம்பள பாக்கிக்காக அலைந்துகொண்டிருந்தபோது, ரேகன்ஸ்பர்கில் ஜுரத்தில் இறந்தார். முப்பதாண்டுப் போரில் அந்தக் கல்லறைத் தோட்டமே அழிந்தது. இன்று அவர் கல்லறை எங்கே என்று யாராலும் காட்ட முடியாது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மகளைத் தள்ளுவண்டியில் போட்டு அவர் ஊருக்குப் போனோம். லியோன்பெர்க்கைத் தாண்டித்தான் ரயில் போகிறது. சந்தை மைதானத்தில் கெப்ளர் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். திரும்பும் வழியில் மாமிக்கு நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: அதிகாலை 4.52. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.