பார்வையிழந்த பாணர் ஆஷிக் வெய்சல்

வார இறுதி இரவுகளில் இஸ்தான்புல், அங்காரா முதலிய துருக்கி நகரங்களில் நாட்டுப்பாடலுக்கென்றே உள்ள இசையில்லங்களில் ஜனங்கள் கூடுவது வழக்கம். 'சாஸ்' என்னும் நீண்ட கழுத்துடைய தந்தி வாத்தியத்தை ஒருவர் மீட்டிப் பாட, வந்திருப்போரும் உடன் சேர்ந்து பாடுவர். அங்கே பலரும் விரும்பிக் கேட்கும் பாடல்களுள், கண் பார்வையற்ற ஒரு கிராமவாசி இயற்றியவையும் உண்டு. அன்னாரே ஆஷிக் வெய்சல்.

ஆஷிக் என்னும் சொல் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. அன்பில் தோய்ந்தவர் என்பது அதன் பொருள். தாமே கவி கட்டி, சாஸ் இசைத்து, ஊர் ஊராகச் சென்று பாடும் பாணர்களைத் துருக்கியர் இப்பெயரால் அழைப்பர். உவைஸ் என்னும் அரபுப் பெயரே அவர்கள் நாவில் வெய்சல் என வழங்குகிறது.

இவர் 1894-ம் ஆண்டு சிவாஸ் மாகாணத்துச் சிவ்ரியாலான் கிராமத்தில், ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். முன்பே இரு சகோதரிகளை அக்குடும்பத்திலிருந்து கொண்டு சென்ற வைசூரி, ஏழு வயதில் இவரது ஒரு கண்ணைப் பறித்தது. மற்றைக் கண்ணும் பின்னர் ஒரு விபத்தில் போயிற்று. மகனின் துயரத்தைக் கண்ட தந்தை அஹ்மத், அவன் மனம் ஆறட்டும் என்று ஒரு சாஸ் வாங்கிக் கொடுத்தார். அதுவே அவருக்குக் கண்ணாயிற்று. எனினும் நெடுங்காலம் பழம் பாணர்களின் பாடல்களையே அவர் பாடி வந்தார். ஊருக்கு வெளியே அவரை அறிந்தார் இலர்.

1931-ல் அந்நிலை மாறிற்று. சிவாஸ் நகரில் கல்வித்துறையில் பணியாற்றிய கவிஞர் அஹ்மத் குத்சி தெஜர், கிராமத்துப் பாணர்களை ஒருங்கே அழைத்து மூன்று நாள் விழா ஒன்றை நடத்தினார். அச்சபையில் பாடிய வெய்சலின் திறம் வெளிப்பட்டது. 1933-ல் துருக்கிக் குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி அவர் சொந்தமாய் ஒரு கவி இயற்றி, அதனை அதாதுர்க்கின் முன் பாட வேண்டுமென விரும்பி, நண்பர் ஒருவருடன் கால்நடையாகவே அங்காராவுக்குப் புறப்பட்டார். வழியிலே மூன்று மாதங்கள் கழிந்தன. தலைநகரிலோ, அவர்களது கிராமத்து உடையைக் கண்ட காவலர் கடைவீதிக்குள் செல்லவும் தடுத்தனர் என்பர். தலைவரைக் காணும் பேறு கிட்டவில்லை. ஆனால் கவி பத்திரிகையில் வெளியாயிற்று, பெயர் நாடெங்கும் பரவிற்று.

பின்னர் கிராமியக் கல்வி நிலையங்களில் மாணவர்களுக்கு அவர் சாஸ் கற்பித்தார். கரிய மண்ணையே தம் உண்மைத் துணையாகப் போற்றிய அவரது பாடல் பெரும் புகழ் பெற்றது. தாய்மொழிக்கும் தேசிய ஒற்றுமைக்கும் ஆற்றிய தொண்டிற்காக 1965-ல் பார்லிமெண்டு தனிச்சட்டம் இயற்றி, மாதம் 500 லீரா உதவித்தொகை வழங்கிற்று. 1973 மார்ச் 21-ல் பிறந்த ஊரிலேயே அவர் காலமானார்.

2009-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஆஷிக் மரபை உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அன்று சிவாஸில் ஒருவர் சபை கூட்டியிராவிடில், அக்குரல் ஒரு சிற்றூரிலேயே அடங்கியிருக்கும். பாடுவோருக்குக் கண் இல்லாமற் போகலாம். கேட்போருக்குச் செவி இருத்தல் வேண்டும்.